பிடில்காரர்களின் நாட்குறிப்பு

1799-இல் ஸ்காட்லாந்தில் பார்லி விளைச்சல் பொய்த்துப்போனது. இருக்கிற தானியம் சாப்பாட்டுக்கே பத்தாது என்று விஸ்கி காய்ச்சத் தடை போட்டார்கள். பெர்த்ஷயரில் டன்கெல்டுக்குப் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூர். அங்கே இருந்த நீல் கௌ அப்போது எழுபதைத் தாண்டியவர். நாடே அறிந்த பிடில்காரர். அத்தோல் பிரபுக்களின் மாளிகையில் நடனத்துக்கு வாசிப்பவர். தடை வந்ததும் அவர் ஒரு மெட்டுக் கட்டினார், 'ஃபேர்வெல் டு விஸ்கி' என்று. விஸ்கிக்கு விடை கொடுத்தாகிவிட்டது. தடை நீங்கியதும் இன்னொரு மெட்டு, அதை வரவேற்று.

இரண்டையும் இன்றைக்கும் வாசிக்கிறார்கள். முதல் மெட்டு கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போய், அங்கே போல்கா நடனத்துக்கான மெட்டாகவும் மாறிவிட்டது. விடைகொடுக்கிற வருத்தம் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். அதற்குள்ளே பட்டுப்போன ஒரு பார்லி வயல் இருக்கிறது என்று வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் நினைப்பார்கள்?

எனக்கு இந்த இசை பிடித்துப்போனதே இதனால்தான். சின்ன வயதில் கற்றுக்கொண்டது கர்நாடக வயலின். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஷெட்லாந்து, கனடாவின் கேப் பிரெட்டன் தீவு, அமெரிக்காவின் அப்பலேச்சியா மலைப்பகுதி என்று பிடில் மெட்டுகளின் பக்கம் காது திரும்பியது பிற்பாடு. வாத்தியம் அதேதான். ஆனால் நம்மிடம் கீர்த்தனை என்றால் சாகித்யம் இருக்கிறது, யாரைப் பற்றி எதற்காகப் பாடினார் என்று அதுவே சொல்லிவிடும். பிடில் மெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வார்த்தையே கிடையாது. இருப்பது தலைப்பு மட்டும். அந்தத் தலைப்புகளைப் பாருங்கள்: ஒரு கோப்பை டீ. போர்வையைத் தின்ற பசு. வெண்ணெய் கடையும் கிழவி. சதுப்பு நிலத்து வாத்துகள். ஜன்னல்களை உடை. ஒரு வீட்டின் ஒரு வாரத்தை யாரோ குறித்து வைத்த மாதிரி இருக்கிறது.

மெட்டின் அளவும் சின்னதுதான். எட்டு பார் (ஒரு பார் என்பது ஒரு சின்னத் தாளச் சுற்று) கொண்ட முதல் பகுதி, இரண்டு தடவை. எட்டு பார் கொண்ட இரண்டாம் பகுதி, அதுவும் இரண்டு தடவை. ஆக மொத்தம் 32 பார். ரீல், ஜிக் இரண்டும் நடன வகைகள். ரீல் என்றால் நான்கு நான்காக ஓடும், ஜிக் என்றால் மூன்று மூன்றாகத் துள்ளும். நம் கணக்கில் சதுஸ்ரம், திஸ்ரம். நடன வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்று அரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பெரிய விஷயங்களைத் தூக்கிச் சுமக்க இதில் இடமில்லை. ஒரு கோப்பை டீக்கு இடம் இருக்கிறது.

அயர்லாந்தின் டோனிகாலில் ஜான் டோஹர்டி என்று ஒரு பிடில்காரர் இருந்தார், 1980-இல் இறந்தார். தகர வேலை செய்கிற குடும்பம். ஊர் ஊராகப் போய் பாத்திரமும் செய்து கொடுத்து, இரவில் பிடிலும் வாசித்தவர். பழைய வாசிப்பாளர்கள் எதிலிருந்து வேண்டுமானாலும் இசையை எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். கடலின் சத்தத்திலிருந்து எடுப்பார்களாம். வெள்ளம் வருகிற நேரத்தில் ஆற்றங்கரையோரமாகவே நடந்துபோய் அதிலிருந்து எடுப்பார்களாம். முயலை நாய் துரத்துகிற ஓட்டத்திலிருந்தும் எடுப்பார்களாம். அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு இதைப் படித்தால் மிகையாகவே தோன்றாது. வில் குட்டைக் குட்டையாக, ஒரு நொடிகூட இளைப்பாறாமல் போகும். ஓடுகிற ஒன்றைப் பின்னாலேயே ஓடிப் பார்த்த கை அது.

நார்வேயில் இதையே கதையாகச் சொல்கிறார்கள். அருவியில் ஃபோஸ்ஸெகிரிம் என்ற ஆவி இருக்கிறது. காணிக்கையாக இறைச்சி கொடுத்தால் பிடில் கற்றுத்தரும். ஷெட்லாந்திலோ மலைக்குள் வாழும் குள்ள மனிதர்களான ட்ரோக்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்ததாகச் சில மெட்டுகளுக்கு வரலாறு சொல்வார்கள். இவற்றை வெறும் கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. மெட்டு தன் மண்டைக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை, வெளியே எங்கேயோ கேட்டதுதான் என்பதை அந்த வாசிப்பாளர்கள் இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கேட்டது எப்படி மெட்டாகிறது? நேர் வழி ஒன்று இருக்கிறது: அப்படியே போலச் செய்வது.

'நான்கு கால் கட்டில்' என்று ஒரு மெட்டு ஸ்காட்லாந்திலும் டோனிகாலிலும் உண்டு. மெட்டு ஓடிக்கொண்டே வரும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் சுரத்தை நிறுத்திவிட்டு, வில்லின் கட்டையால் பிடிலின் உடம்பில் டக் டக் டக் டக் என்று நான்கு தட்டு. கட்டிலுக்கு நான்கு கால், பிடிலுக்கு நான்கு மூலை. தட்டி முடித்த அதே வேகத்தில் வில் மறுபடி தந்திக்கு வந்துவிட வேண்டும், தாளம் ஒரு இம்மி நகரக்கூடாது. முதல்முறை பார்க்கிற குழந்தைகள் கட்டாயம் சிரிப்பார்கள். இரண்டாவது சுற்றில் அந்த இடம் வருவதற்கு முன்பே காத்திருக்க ஆரம்பிப்பார்கள்.

அமெரிக்காவில் ரயில் வந்தது. 'ஆரஞ்ச் பிளாசம் ஸ்பெஷல்' நியூயார்க்குக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையில் ஓடிய ரயில். எர்வின் ரௌஸ் 1938-இல் அந்தப் பெயரிலேயே கட்டிய மெட்டில் ஊதல் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது. இரண்டு தந்திகளுக்கு நடுவே வில்லை ஆட்டி ஆட்டித் தண்டவாளச் சத்தத்தை உண்டாக்குவார்கள். கோழி கொக்கரிப்பதற்கும் ஒரு மெட்டு, பறவைக் குரல்களுக்கும் மெட்டு. மேடையில் இவற்றுக்குக் கிடைக்கிற கைதட்டல் வேறு எதற்கும் கிடைக்காது.

எனக்கும் பிடிக்கும். ஆனால் நான்காவது தடவை கேட்கும்போது ரயில் மட்டும்தான் மிஞ்சுகிறது. என் மனத்தில் தங்கியவை வேறு வகை.

ஷெட்லாந்துத் தீவுகளில் டாம் ஆண்டர்சன் என்று ஒருவர், 1910 முதல் 1991 வரை வாழ்ந்தவர். தீவுக்குத் தீவு அலைந்து பழைய மெட்டுகளைச் சேகரித்தவர், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். பெயர்பெற்ற பிடில்காரர் அலி பெய்ன் அவருடைய மாணவர்தான். ஆண்டர்சன் பிறந்த இடம் எஷானஸ், காற்று சுழற்றியடிக்கிற மேற்குக் கரை. 1969 ஜனவரியில் ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் அங்கிருந்து கிளம்பி வருகிறார். ஊரைவிட்டு வெளியேறுகிற பாதையில், மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கிறார். சின்ன வயதில் பார்த்த விளக்குகளில் கொஞ்சம்தான் மிச்சம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைகின்றன. அவருடைய மனைவி இறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. 'டா ஸ்லாக்கிட் லைட்', அணைந்த விளக்கு, என்ற மெட்டு அப்படி வந்தது. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த மெட்டில் விளக்கைப் போலச் செய்கிற ஒலி எதுவும் இல்லை. விளக்குக்கு ஒலி ஏது? அடுத்த ஊருக்கு நடந்து போகிறவரின் நடை வேகம்தான் அதற்கு. சுரங்கள் கொஞ்சம் ஏறுகின்றன, ஏறிய இடத்தில் நிற்காமல் இறங்குகின்றன. அழுத்தி வாசித்தால் மெட்டு கெட்டுவிடும். நான் இதைக் கற்றுக்கொண்டபோது முதலில் நம் பழக்கத்தில் ஒவ்வொரு நீண்ட சுரத்துக்கும் ஒரு அசைவு கொடுத்து வாசித்தேன். கேட்க நன்றாகவே இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஒன்றாகிவிட்டது. அசைவை எடுத்துவிட்டு, சுரத்தை நேராகப் பிடித்து, வில்லின் எடையை மட்டும் கடைசிக் கால்பங்கில் குறைத்தால் அந்த மேடு வந்துவிடுகிறது. ஒருவர் நிற்கிறார், பார்க்கிறார், திரும்பி நடக்கிறார். அழுவதற்கு அவருக்கு நேரம் இல்லை, வீட்டுக்குப் போகவேண்டும்.

கிராமம் காலியாவதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இரண்டு பகுதி கொண்ட இந்தச் சின்ன மெட்டுக்கு நிகராக எதையும் நான் கேட்டதில்லை.

நீல் கௌவுக்கும் இப்படி ஒன்று உண்டு. அவருடைய இரண்டாவது மனைவி மார்கரெட் அர்க்கர்ட். முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர் 1805-இல் இறந்தபோது கௌவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தானும் 1807-இல் போய்ச் சேர்ந்தார். மனைவியின் மரணத்துக்கு அவர் கட்டிய இரங்கல் மெட்டு ஸ்காட்டிஷ் பிடில் இசையிலேயே அதிகம் வாசிக்கப்படுபவற்றுள் ஒன்று. சோகம் என்றால் நாம் உடனே முகாரிக்கும் சுபபந்துவராளிக்கும் போவோம். கௌ போன இடம் டி மேஜர், கிட்டத்தட்ட நம் சங்கராபரணத்தின் சுரங்கள். கல்யாண வீட்டில் கேட்கிற சுரங்களையே எடுத்து மனைவியின் சாவுக்கு வைத்தார். இரண்டாம் பகுதியில் மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் குறை சொல்கிற தொனி சிறிதும் இல்லை. நன்றி சொல்கிற மாதிரிதான் எனக்குக் கேட்கிறது. முப்பது வருடம் நல்லபடியாக வாழ்ந்தவன் இப்படித்தான் துக்கப்படுவான் போலிருக்கிறது.

மனிதர்களின் பெயரில் வந்த மெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. கேப் பிரெட்டனைச் சேர்ந்த டான் ஆர். மெக்டொனால்ட் கிட்டத்தட்ட 2000 மெட்டுகள் கட்டியவர். நண்பர், சாப்பாடு போட்ட வீடு, கடந்துபோன குன்று என்று எல்லாவற்றுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். அதே தீவில் ஜெர்ரி ஹாலண்ட் தன் சக பிடில் கலைஞர் பிரெண்டா ஸ்டப்பர்ட்டின் பெயரில் கட்டிய ரீலை இப்போது உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். அயர்லாந்தின் காவன் மாவட்டத்திலிருந்து 1912-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்த எட் ரீவி தொழிலால் பிளம்பர். பகலில் குழாய் வேலை, மாலையில் பிடில். அவர் கட்டிய நூற்றுக்கணக்கான மெட்டுகளில் பல, விட்டு வந்த ஊரின் மனிதர்களையும் வீடுகளையும் பெயராகத் தாங்கி நிற்கின்றன. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய மெட்டுகளைப் 'பழைய மெட்டு' என்று சொல்லி வாசித்தவர்கள் உண்டு. ஒருவருக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒரு மனிதர் இருந்தார். அவரை விட்டுவிட்டு நான் சொல்வதை முடிக்க முடியாது. அயர்லாந்தில் கிழக்கு கால்வேயின் கில்கானல் பகுதியைச் சேர்ந்த விவசாயி பேடி ஃபாஹி, 2019-இல் நூறு வயதைத் தாண்டி இறந்தார். ஜிக், ரீல், ஹார்ன்பைப் என்று நடன வகைகளில் அறுபதை ஒட்டிய மெட்டுகள் அவருடையவை. ஒன்றுக்குக்கூட அவர் பெயர் வைக்கவில்லை. எல்லாமே 'பேடி ஃபாஹியின் ஜிக்', 'பேடி ஃபாஹியின் ரீல்'. வாசிக்கிறவர்கள் தங்கள் வசதிக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டார்கள், அந்த எண்களும் ஆளுக்கு ஆள் மாறும். வணிக ரீதியான ஒலிப்பதிவும் அவர் செய்யவில்லை. ஆனாலும் அந்த மெட்டுகள் கைமாறிக் கைமாறி எல்லா இடத்துக்கும் போய்விட்டன.

அவருடைய மெட்டுகளில் ஒரே சுரம் ஓரிடத்தில் உயர்ந்தும் அடுத்த சுற்றில் தாழ்ந்தும் வரும். அந்தர காந்தாரத்தோடு கிளம்பிய வாக்கியம் சாதாரண காந்தாரத்தில் முடியும். மகிழ்ச்சியா வருத்தமா என்று தீர்மானிக்கவே விடாது. இதற்கு 'மழைக்காலச் சாயங்காலம்' என்று அவர் ஒரு பெயர் வைத்திருந்தால் நாம் எல்லோரும் மழையைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். பெயர் இல்லாததால் அவரவர் சாயங்காலம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தலைப்புகளில் மயங்கி இந்த இசைக்குள் வந்த எனக்கு, தலைப்பே இல்லாத இந்த மெட்டுகள் இப்போது எல்லாவற்றையும்விட நெருக்கமாக இருக்கின்றன. அவர் எதிலிருந்து எடுத்தார் என்று தெரியாவிட்டாலும், வயலில் வேலை செய்கிற ஒருவரின் நாளிலிருந்துதான் வந்திருக்கும்.

பழைய மெட்டு, புது மெட்டு என்று பிரிக்கிற வழக்கம் எனக்கு அவ்வளவாக ஒப்புவதில்லை. எல்லா மெட்டையும் ஏதோ ஒரு நாளில் யாரோ ஒருவர் கட்டினார். அவர் பெயர் தேய்ந்து போனால் அதை மரபு என்கிறோம், தேயாமல் இருந்தால் படைப்பு என்கிறோம். ஜே உங்கர் 1982-இல் கட்டிய 'அஷோகான் ஃபேர்வெல்' இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க் மாநிலத்தில் அஷோகான் என்ற இடத்தில் அவர் கோடைக்கால இசை முகாம் நடத்திக்கொண்டிருந்தார். முகாம் முடிந்து எல்லோரும் கிளம்பிப்போன பிறகு அந்த வெறுமை தாங்காமல் ஸ்காட்டிஷ் இரங்கல் மெட்டின் சாயலில் ஒரு வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டு நடன மெட்டு, கட்டினார். 1990-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் அது ஒலித்ததும், 1860-களில் போர்வீரர்கள் கேட்ட மெட்டு என்றே ஏராளமானவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எட்டு வயதுக் குழந்தையை நூற்றுக் கிழம் என்று நம்பினார்கள்! அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரிந்துபோனவர்களை நினைத்துக் காலி அறையில் நிற்பது எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதானே.

இந்த மெட்டுகள் நமக்கு அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. மேற்கத்திய மெட்டில் சாகித்யம் வைத்த நோட்டுஸ்வரம் கற்றுக்கொண்டவர்கள் 'வந்தே மீனாக்ஷி' பாடியிருப்பீர்கள், முத்துஸ்வாமி தீட்சிதரின் சாகித்யம். அதன் மெட்டு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ', அயர்லாந்தின் மாலோ ஊரைச் சேர்ந்த ஊதாரிப் பிள்ளைகளைப் பற்றியது. கூத்தும் கும்மாளமுமாக இருந்த ஒரு கூட்டத்தின் மெட்டு கப்பலேறி மீனாட்சியின் காலடியில் வந்து விழுந்தது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அப்பலேச்சியாவில் பல பழைய மெட்டுகளுக்குப் பிடில் தந்திகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஏ, இ, ஏ, இ என்று சுருதி சேர்ப்பார்கள். ஸ-ப-ஸ-ப. நாம் வயலினுக்கு வைக்கிற அதே சுருதி. வாசிக்காத தந்தியும் கூடவே முனகும், தம்புராவே தேவைப்படாது. முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நானும் சில மெட்டுகள் கட்டியிருக்கிறேன். அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். என் அறையில் பழைய மின்விசிறி ஒன்று. குறைந்த வேகத்தில் ஓடும்போது அதற்கு ஒரு நொண்டல் உண்டு: இழுத்து ஒரு சத்தம், வெட்டி ஒரு சத்தம். நெடில், குறில். நெடில், குறில். படுத்துக்கொண்டே கேட்டால் சுத்தமான ஜிக் நடை. எழுந்து பிடிலை எடுத்து அந்த நடையில் வாசித்தேன், மெட்டு வந்தது, ஆனால் அது சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் கிடந்தது. குறிலைத் தனியாக வெட்டாமல், அடுத்து வரும் நெடிலோடு சேர்த்து ஒரே வில்லில் இழுத்துப் பார்த்தேன். அடி விழுகிற இடத்தில் வில் திரும்பாமல், அதற்கு ஒரு குறில் முன்னாலேயே திரும்பிவிடும். தாளம் அதேதான், ஆனால் உள்ளே ஒரு தள்ளல் வந்துவிட்டது. மெட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தது. பிடில் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் இந்தத் தள்ளல்தான் எல்லாம் என்பார்கள். அன்று அதை என் வலது மணிக்கட்டு புரிந்துகொண்டது.

கூட வாசிக்கிற தோழி ஒருத்தி கேட்டுவிட்டு, "இது ஊஞ்சலா?" என்றாள். மின்விசிறி என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் பகுதியை நான் மேல் ஸ்தாயியில் வைத்திருந்தேன். அவள் அதைக் காதில் சரியாக வாங்கிக்கொள்ளாமலோ வேண்டுமென்றோ கீழே இறக்கி, கடைசி இரண்டு பாரையும் மாற்றி வாசிக்கிறாள். அவளிடம் கற்றுக்கொண்ட இன்னும் இரண்டு பேர் அவள் பாணியிலேயே வாசிக்கிறார்கள். கேட்கக் கேட்க அவளுடைய இரண்டாம் பகுதிதான் சரி என்று படுகிறது, இப்போது நானும் அதையே வாசிக்கிறேன். பெயரைக் கேட்டால் அவர்கள் 'ஊஞ்சல்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.